இரண்டாவது சாவி

என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணாச்சி. பி.இ. எலக்ட்ரிக்கல் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். போன வாரம் வரைக்கும் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும். இப்போது கேட்டால் காது சூடாகிறது.

கோயம்புத்தூருக்குப் போகிறேன். ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை, நாளைக்குச் சேர வேண்டும். நீங்கள் மதுரையில் இறங்கிவிடுவீர்கள் இல்லையா? அப்படியென்றால் சொல்லலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. கோவில்பட்டி தாண்டும்போது நடத்துநர் என்னைக் கவனிக்காமல் பின்னால் போய்விட்டார். நான்தான் எழுந்து போய்க் கூப்பிட்டு டிக்கெட் வாங்கினேன். நீங்களே பார்த்தீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மாகூட, இவன் வாயில் பொய் வராது, அதனால்தான் இவனுக்குப் படிப்பு வந்தது என்பாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தமோ.

எங்களுக்கு எட்டயபுரத்துக்குப் பக்கம். கரிசல் காடு. கிணறு இருக்கும், தண்ணீர் உப்பாக இருக்கும். அதனால் எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் குடிக்கிற தண்ணீர் வண்டியில்தான் வரும். அந்த வண்டி எங்கள் வண்டி. மினி லாரி, பின்னால் தொட்டி, பக்கத்தில் குழாய். அப்பா வாங்கியது. வாங்கி ரொம்ப நாள் ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா வண்டியின் இரண்டு சாவியையும் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள். ஒன்றை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அண்ணன் பெயர் உச்சிமாகாளி. இன்னொன்றை அக்கா கையில் கொடுத்தாள். அக்கா சண்முகக்கனி. சின்னவனுக்கு என்ன என்று சித்தப்பா கேட்டார். அவனுக்குப் படிப்பு என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொம்பளைக்கு எதற்கு வண்டிச் சாவி என்று அப்போதே ஊரில் பேசினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே வேறொரு குடும்பம் என்று கேள்வி. அக்கா தேடிப் போகவில்லை. சண்டை போடவும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா இருக்கும்போதே வண்டி ஓட்டப் பழகியிருந்தாள். லைசென்ஸ் எடுத்தாள். ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வாரம் அண்ணன் முறை, ஒரு வாரம் அக்கா முறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முறை முடிகிறவர் வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை விடிகாலையில் அடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கொரு சாவி இருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அவர்கள் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகிறது.

அண்ணனையும் நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்துவைத்திருந்தான். அவன் வாரத்தில் முகூர்த்தம் வந்தால் சரி. அக்கா வாரத்தில் வந்தால் மண்டபத்துக்காரர் வேறு வண்டியைக் கூப்பிடுவார். அதனால் வண்டியை முழுக்க நானே ஓட்டுகிறேன், அவளுக்கு மாதாமாதம் பங்கு கொடுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். அக்காவிடம் அம்மா கேட்டாள். எனக்குப் பங்கு வேண்டாம், வண்டி போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அண்ணன் அவளை மகாராணி என்றுதான் சொல்வான். 'மகாராணி தேர் வருது, வழி விடுங்க' என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வானாம். அக்கா காதுக்கும் வரும். அவள் ஹாரனை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுப் போவாள்.

இந்த நேரத்தில்தான் வண்டிக்குச் சீக்கு வந்தது.

காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற, எஞ்சின் விளக்கு எரியும், அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அக்கா வாரத்தில், தொட்டி நிறைய தண்ணீரோடு நடு ரோட்டில் நின்றது. குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள் அவளை ஏசின ஏச்சை நான் உங்களிடம் சொல்ல முடியாது. அண்ணன் வாரத்தில் முகூர்த்த நாளன்று நின்றது. மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் பன்னீர் சோடா உடைத்துக் கை கழுவினார்களாம். நீங்கள் சிரிக்கிறீர்கள். ஊரே சிரித்தது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

டீசல் பில்டரை மாற்றினார்கள். ஏதோ சென்சார் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். கடைசியில் தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்கு இருக்கிற கம்ப்யூட்டர் போய்க்கொண்டிருக்கிறது, சூடானால் செத்துப்போகிறது, புதிதுதான் போட வேண்டும் என்றார்கள்.

அண்ணன் தொட்டிக்குப் படி வைக்க வெல்டிங் அடித்தான், பேட்டரி வயரைக் கழற்றாமல் அடித்தான், அதில்தான் கம்ப்யூட்டர் கெட்டது என்று அக்கா சொன்னாள். கிளட்சை மிதிக்கத் தெரியாதவள் கையில் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டர் நிற்கும் என்று அண்ணன் சொன்னான். நேரில் இல்லை. அம்மா மூலமாக. அம்மா இரண்டையும் என்னிடம் கொண்டுவந்து வைத்தாள். 'நீ படிச்சவன், நீ சொல்லு.'

வெல்டிங்கில் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கிளட்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் திறந்து சோதிக்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வது நேர்மை இல்லையே. அதனால், உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொன்னேன். அம்மா அதை இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுப் புதிய கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது.

அண்ணன் வாரத்தில் வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் நமக்குப் புரியாது, நீ கூட வா என்றான். அண்ணன் என்னை எங்கேயும் கூட வா என்று கூப்பிட்டதில்லை, அண்ணாச்சி. அவனுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அவன் கூப்பிட்டதும் இன்டர்வியூவுக்குப் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டீசல் வாடை அடிக்கிற வண்டிக்குள் அந்த ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். அது ஒரு வெட்கம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

முந்தின நாள் அக்கா போன் செய்தாள். நானும் வரணுமா, எதுவும் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அது சத்தியம்.

விடியும்போதே கிளம்பி, வழியில் நின்று நின்று போய்ச் சேர்ந்தோம். பட்டறையில் பெலிக்ஸ் என்று ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மரியாதையான ஆள். அண்ணனைப் பார்த்து, ஓனரா என்று கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டினான். 'எது கேக்கணும்னாலும் தம்பிட்ட கேளுங்க சார். அவன்தான் படிச்சவன்.'

பெலிக்ஸ் அதற்குப் பிறகு என்னிடம் மட்டும்தான் பேசினார். சார் என்றார். டேஷ்போர்டைக் கழற்றிப் பழைய பெட்டியை வெளியே எடுத்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான். இதற்காகவா ஊர் இத்தனை தவித்தது என்றிருந்தது. புதியதை வைத்து வயரைச் சொருகினார். லேப்டாப்பில் எங்கள் வண்டியின் எண்ணை ஏற்றினார். எஞ்சினைத் திருகினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. நான் பயந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, புதுக் கம்ப்யூட்டருக்கு உங்கள் சாவியை இன்னும் தெரியாது, அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்றார். சாவிக்குள்ளே ஒரு சின்ன சிப் இருக்கிறதாம். திருடன் வேறு சாவி போட்டால் ஓடக் கூடாது என்பதற்காக.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் படித்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று அவர் நினைத்திருப்பார். நான் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அதுவும் ஒரு வெட்கம்.

அப்புறம் அவர் கேட்டார். 'எல்லாச் சாவியும் கொண்டு வந்திருக்கீங்களா சார்? இப்ப காட்டுற சாவியை மட்டும்தான் இது எடுத்துக்கும். காட்டாத சாவி அப்புறம் வெறும் இரும்பு.'

அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு கை தூரம்கூட இல்லை. அவன் காதில் விழுந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முன் சக்கரத்து டயரைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. கல்கூடச் சிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கையில் இருப்பது ஒன்றுதான்' என்றேன்.

அது உண்மை, அண்ணாச்சி. கையில் ஒன்றுதான் இருந்தது. வீட்டில் எத்தனை இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கொண்டு வந்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம் என்பீர்கள். செய்திருக்கலாம். அவள் கிளம்பி பஸ் பிடித்து வர மத்தியானம் ஆகியிருக்கும். பெலிக்ஸுக்கு அடுத்த வண்டி காத்துக்கொண்டிருந்தது. அவரைக் காக்கவைப்பது முறையில்லை. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

அவர் இன்னொரு தரம் கேட்டார். நல்ல மனிதர், வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். பிறகு வேறு சாவி சேர்க்க வேண்டுமென்றால் வண்டியும் இங்கே வர வேண்டும், இன்றைக்குப் பதிகிற சாவியும் கூட வர வேண்டும், இது இல்லாமல் முடியாது, சரிதானே சார் என்றார். சரிதான் என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தான். தன் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். நான் அதைப் பெலிக்ஸிடம் கொடுத்தேன். போட்டுத் திருகினார். ஒரு சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, பிறகு அணைந்தது. வண்டி ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. புது வண்டி மாதிரிச் சத்தம். பெலிக்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது அண்ணன் பைபாஸில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினான். பரோட்டா, சால்னா, எனக்கு ஆம்லெட், நான் கேட்காமலே. தண்ணீர் டம்ளரைத் தன் துண்டால் துடைத்து என் பக்கம் வைத்தான். சாப்பிட்டு எழுந்ததும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்தான். சாவியைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்பா போனதற்குப் பிறகு என் தோளில் யாரும் கை போட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லும்போது நான் ஏன் கீழே பார்க்கிறேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொரு பரோட்டா வேண்டுமா என்று கேட்டான், வாங்கிக்கொண்டேன்.

இல்லை, நான் அக்காவுக்கு எதிரி இல்லை. எப்படி இருக்க முடியும்? கடைசி வருஷம் ஹாஸ்டலில் இருந்தபோது என் செலவைப் பார்த்தவள் அவள். வெயிலில் நின்று தண்ணீர் பிடித்துக் கொடுத்த காசு. அவள் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனி போயிற்று. ஞாயிறு சாயங்காலம் அண்ணன் வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, அம்மா வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். முறை தவறவில்லை. எப்போதும் போலத்தான் விட்டுவிட்டுப் போனான். கண்ணாடியைக்கூட வழக்கத்தைவிட நன்றாகத் துடைத்திருந்தான். நான் உள்ளே என் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போய் அவனிடம் கேட்டிருக்கலாம். என்ன கேட்பது? அவன் என்னிடம் எதுவும் சொல்லச் சொல்லவில்லையே. சொன்னது நான்தானே.

இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் எதற்கு, மத்தியானம் போனால் போதாதா என்று அம்மா கேட்டாள். டிராஃபிக் இருக்கும் என்றேன். இருக்கத்தான் செய்யும், இல்லையா?

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

'ஏலே தம்பி, பஸ் ஏறிட்டியா? வண்டி பிடிக்க மாட்டேங்கு. சுத்துது, பிடிக்க மாட்டேங்கு. ஒரு வெளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. நீதான படிச்சவன், பாத்துட்டும் வந்திருக்க. என் சாவில என்ன கொறைன்னு சொல்லு.'

கோபமே இல்லை, அண்ணாச்சி. சந்தேகமும் இல்லை. டாக்டரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். புதுக் கம்ப்யூட்டர் உன் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை அக்கா என்றேன். அது உண்மைதான். அடுத்த வாக்கியத்துக்கு நான் மூச்சு எடுப்பதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

'எனக்குத் தெரியும்டே எதுனால எடுக்கலைன்னு. போன மாசம் சாவி தொட்டித் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. நாந்தான் குனிஞ்சு பாக்கும்போது இடுப்புல இருந்து நழுவிட்டு. எடுத்துத் தொடச்சு வச்சிக்கிட்டேன், யாருட்டயும் சொல்லல. உள்ள ஏதோ போயிருக்கு. அண்ணன்ட்ட சொல்லிராத தம்பி. அப்பா குடுத்த சாவியப் பாழாக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவான்.'

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு கேட்டாள், 'அதுனாலதான இருக்கும்?'

ஒரு பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. விசில் சத்தம். நான் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். 'இருக்கும்க்கா' என்றேன்.

தண்ணீரில் விழுந்தால் சிப் கெட வாய்ப்பு உண்டு. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த 'இருக்கும்'தான் இப்போதும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் சொன்னது இல்லை. நான் சொன்னது.

நீங்கள் கேட்கிறது நியாயம்தான். இப்போதுகூட ஒரு போன் போட்டால் முடிந்தது. ஆனால் இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா? நேரில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு லீவு கொடுப்பார்கள். அப்போது சொல்கிறேன். அதுவரைக்கும் சாவி தண்ணீரில் விழுந்ததை அண்ணனிடம் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுவேன்.

போனை வைக்கும்முன், போகிற இடத்தில் நன்றாகச் சாப்பிடு என்றாள். தண்ணீருக்குக் காத்திருப்பார்கள், நேரமாகிறது, நான் அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் சாவியை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். சொல்லிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினாள், சத்தம் கேட்டது. லைனில் இருக்கிறாளா என்று நான் பார்த்தேன். இருந்தாள்.

இப்போது போய்ச் சேர்ந்திருப்பாள். அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருப்பாள். அண்ணன் கொடுத்துவிடுவான், அண்ணாச்சி. கட்டாயம் கொடுப்பான். இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. அடுத்த முறைக்கும் கொடுப்பான், அதற்கடுத்த முறைக்கும் கொடுப்பான். அவள் போய்க் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.